ஃப்ரிட்ஸ் போலார்ட்: என்.எஃப்.எல்-இன் முதல் கறுப்பினப் பயிற்சியாளர்

அமெரிக்கன் ஃபுட்பாலின் பெரிய தொழில்முறை லீகான என்.எஃப்.எல் பற்றிய கேள்வி இதுதான்: "என்.எஃப்.எல்-இல் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் 1989இல் வந்த ஆர்ட் ஷெல் என்று ஓரிடத்தில் படித்தேன். இன்னோரிடத்தில் 1921இலேயே ஃப்ரிட்ஸ் போலார்ட் என்று இருக்கிறது. எது சரி? யார் அந்த போலார்ட்?"

போலார்ட்தான். 1921இல் ஓஹாயோ மாநிலத்து ஏக்ரன் ப்ரோஸ் அணிக்கு அவர் பயிற்சியாளராக இருந்தார்; அதே அணிக்காகக் களத்தில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியவரும் அவரேதான். ஆர்ட் ஷெல்லை நவீன காலத்தின் முதல்வர் என்று எழுதினால் தவறில்லை. அந்த அடைமொழியை விட்டுவிட்டு எழுதும்போது, போலார்ட் என்ற ஒரு மனிதரே இல்லாமல் போய்விடுகிறார். இருவருக்கும் இடையில் 60 ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. அது எப்படி விழுந்தது என்பதும் அவர் வாழ்க்கையின் ஒரு பகுதிதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இந்த விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்கு முதலில் ஒரு விளக்கம். அமெரிக்கன் ஃபுட்பால் நம் ஊரில் ஆடும் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு, மறித்து வீழ்த்த வருகிறவர்களைத் தாண்டி, எதிரணியின் எல்லைக்குள் ஓட வேண்டும். அல்லது அங்கே ஓடுகிற சக வீரருக்கு எறிய வேண்டும். போலார்ட் ஆடியது ஹாஃப்பேக் இடத்தில். பந்தோடு ஓடுவதுதான் முக்கிய வேலை என்பதால் அடி அதிகம் விழுகிற இடமும் அதுதான். அவருடைய உயரம் 5 அடி 9 அங்குலம், எடை ஏறத்தாழ 165 பவுண்டு, அதாவது 75 கிலோ. எதிரில் நிற்கிற முன்வரிசைக்காரர்கள் அவரைவிட நல்ல கனம்.

1894 ஜனவரி 27 அன்று சிகாகோவின் ரோஜர்ஸ் பார்க் பகுதியில் பிறந்தார். முழுப்பெயர் ஃப்ரெடரிக் டக்ளஸ் போலார்ட். அடிமையாகப் பிறந்து, தப்பி வந்து, அடிமைமுறைக்கு எதிராக நாடு முழுக்கப் பேசிய ஃப்ரெடரிக் டக்ளஸின் பெயரையே பெற்றோர் வைத்திருந்தார்கள். டக்ளஸ் அப்போது உயிரோடு இருந்தார். முந்தைய ஆண்டுதான் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு வந்து பேசிவிட்டுப் போயிருந்தார். ரோஜர்ஸ் பார்க்கில் ஜெர்மன் பேசும் குடும்பங்கள் நிறைய. ஃப்ரெடரிக்கை அவர்கள் ஃப்ரிட்ஸ் என்று கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது.

அப்பா முடிதிருத்துபவர், அம்மா தையல்காரர். எட்டுப் பிள்ளைகளில் இவர் ஏழாமவர். வெள்ளையர் பகுதியில் குடியிருந்த ஒரே கறுப்பினக் குடும்பம் அவர்களுடையது. சாதாரண வருமானத்தில் அந்த வீடு பிள்ளைகளை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது பாருங்கள். அக்கா நயோமி, நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண். அண்ணன் லெஸ்லி டார்ட்மத் கல்லூரிக்கு ஆடினார். இன்னொரு அண்ணன் லூதர் சிகாகோவில் திரைப்படத் தொழிலில் இறங்கினார். போலார்ட் பிற்காலத்தில் எந்தத் தொழிலிலும் துணிந்து கால் வைத்ததற்கு இந்த வீட்டுச் சூழல் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அண்ணன்மாரோடும் அவர்களுடைய நண்பர்களோடும் ஆடியே அவர் ஆட்டம் கற்றார். எல்லாரும் இவரைவிடப் பெரியவர்கள். அதனால் எப்படி ஓடுவது என்பதோடு, விழுந்த பிறகு எப்படித் தப்புவது என்பதையும் சேர்த்தே கற்க வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் வீரர் கீழே விழுந்த பிறகும் எதிரணியினர் ஒருவர் மேல் ஒருவராக அவர் மேல் குதிப்பார்கள். கறுப்பின வீரர் என்றால் முழங்கால், முழங்கை, முஷ்டி எல்லாம் கூடுதலாக வந்து விழும். போலார்ட் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். விழுந்ததும் மல்லாந்து புரண்டு, கால்களை மேலே தூக்கி, சைக்கிள் மிதிப்பதைப் போலச் சுழற்றுவார். காலணிகளின் அடியில் கெட்டியான முளைகள் இருக்கும். மேலே குதிக்க நினைக்கிறவர் அந்த முளைகளின் மீதுதான் வந்து விழ வேண்டும். வேடிக்கையாகத் தெரியலாம், ஆனால் அவ்வளவு சிறிய உடம்போடு பத்தாண்டுக்கு மேல் ஆடியவருக்கு அதுவும் ஒரு கவசம்.

சிகாகோவின் லேன் டெக் உயர்நிலைப் பள்ளியில் ஃபுட்பால், பேஸ்பால், ஓட்டப்பந்தயம் என்று எல்லாவற்றிலும் பெயர் எடுத்து 1912இல் படிப்பை முடித்தார். அடுத்த சில ஆண்டுகள் நிலையாக ஓரிடத்தில் இல்லை. 1914இல் அடா லெய்ங் என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். கடைசியில் 1915இல் ரோட் ஐலண்ட் மாநிலம் ப்ராவிடன்ஸ் நகரிலுள்ள ப்ரௌன் பல்கலைக்கழகத்தில் நிலைகொண்டார். ராக்ஃபெல்லர் குடும்பத்தின் உதவித்தொகை கிடைத்தது, பாடம் வேதியியல். கைச்செலவுக்கு மாணவர்களின் துணிகளை இஸ்திரி போட்டுக் கொடுத்தார். அணியில் முதலில் யாரும் அவரோடு ஒட்டவில்லை. பயிற்சியில் அவர் ஓடுவதைப் பார்த்த பிறகுதான் மெல்ல மெல்லப் பேச ஆரம்பித்தார்கள்.

1915 பருவத்தின் முடிவில் ப்ரௌன் அணிக்குப் பாசடீனாவிலிருந்து அழைப்பு வந்தது. இன்று புத்தாண்டு நாளில் நாடே உட்கார்ந்து பார்க்கும் ரோஸ் பௌல் ஆட்டத்துக்கான அழைப்பு. 1902இல் ஒரு முறை நடத்தி விட்டுவிட்ட ஆட்டத்தை 1916 ஜனவரி 1 அன்று மறுபடி நடத்தினார்கள். அதற்குப் பிறகு ஆண்டுதோறும் நடக்கிறது. நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ரயிலில் போய்ச் சேர்ந்தால், அங்கே ஹோட்டலில் போலார்டுக்கு மட்டும் அறை தர மறுத்தார்கள். அவருக்கு அறை இல்லையென்றால் அணியே தங்காது என்று துணைப் பயிற்சியாளர் உறுதியாக நின்ற பிறகுதான் இடம் கிடைத்தது. ஆட்ட நாளில் மழை. களமெங்கும் சேறு. திடீர் திடீரென்று திசை மாற்றி ஓடுகிற போலார்டுக்கு அந்தத் தரையில் கால் நிற்கவில்லை. வாஷிங்டன் ஸ்டேட் அணி 14-0 என்று வென்றது. தோற்றாலும், ரோஸ் பௌலில் ஆடிய முதல் கறுப்பின வீரர் என்ற இடம் அவருடையது.

அடுத்த பருவம், 1916, அவர் வாழ்க்கையின் உச்சங்களில் ஒன்று. அன்றைய கல்லூரி ஃபுட்பாலில் யேல், ஹார்வர்ட் இரண்டும் பெரிய வீடுகள்; ப்ரௌன் பக்கத்துத் தெருவில் இருக்கிற சின்ன வீடு. நவம்பரில் அடுத்தடுத்த வாரங்களில் யேலை 21-6, ஹார்வர்டை 21-0 என்று ப்ரௌன் தோற்கடித்தது. ஒரே பருவத்தில் இரண்டையும் ப்ரௌன் வென்றது அதுவே முதல் முறை. இரண்டு ஆட்டங்களிலும் போலார்டைப் பிடிக்க ஆளில்லை. அரங்கிலிருந்து வசை பாடியவர்களும் உண்டு, எழுந்து நின்று கைதட்டியவர்களும் உண்டு. கடைசி ஆட்டத்தில் கோல்கேட்டிடம் தோற்றாலும், எட்டு வெற்றி, ஒரு தோல்வி என்று பருவத்தை முடித்தார்கள். விதிகளை எழுதி இந்த விளையாட்டுக்கு உருவம் கொடுத்தவர் என்று சொல்லப்படும் வால்டர் கேம்ப், நாட்டின் சிறந்த வீரர்களைத் தேர்ந்து ஆண்டுதோறும் ஆல் அமெரிக்கா பட்டியல் வெளியிடுவார். அந்த ஆண்டு முதல் அணியில் போலார்டுக்கு இடம் கொடுத்தார். பந்தோடு ஓடும் இடத்தில் அந்தப் பட்டியலுக்குள் போன முதல் கறுப்பினத்தவர் இவர்தான். இவருக்கு முன் 1890களில் ஹார்வர்டின் வில்லியம் ஹென்றி லூயிஸ் மட்டும் முன்வரிசை வீரராக இடம்பெற்றிருந்தார்.

அந்த ப்ரௌன் அணியில் போலார்டுக்கு முன்னால் நின்று வழி ஏற்படுத்திக் கொடுத்த வெள்ளை வீரர்களில் வாலஸ் வேட் என்பவர் ஒருவர். டென்னஸி மாநிலத்துக்காரர். அவரும் பின்னாளில் பயிற்சியாளரானார். அலபாமா பல்கலைக்கழகத்துக்கு 1925, 1926, 1930 ஆகிய மூன்று ஆண்டுகளில் தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். ட்யூக் பல்கலைக்கழகத்தின் அரங்கம் இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே பயிற்சியாளரிடம், ஒரே களத்தில், ஒரே ஆண்டுகளில் படித்தவர்கள். களத்தில் போலார்டின் பெயர்தான் பெரிது. ஆனால் வேடுக்குத் திறந்த கல்லூரிக் கதவுகளில் ஒன்றுகூட போலார்டுக்குத் திறக்காது என்பது அன்று எல்லாருக்கும் தெரிந்த விஷயம். போலார்டின் பயிற்சியாளர் வாழ்க்கையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு வேடின் ஞாபகம் வரும். வேட் நல்ல பயிற்சியாளர், அதில் மாற்றுக் கருத்து இல்லை. போலார்ட் எப்படிப்பட்ட பயிற்சியாளராக வந்திருப்பார் என்று பார்க்கத்தான் வழியில்லாமல் போய்விட்டது.

முதல் உலகப்போர் வந்தது. படிப்பு பாதியில் நின்றது. மேரிலாந்தின் மீட் முகாமில் ஒய்.எம்.சி.ஏ. பொறுப்பில் இருந்தார். 1918இல் பென்சில்வேனியாவிலிருக்கும் லிங்கன் பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சியாளராகப் போனார். கறுப்பின மாணவர்களுக்கென்றே தொடங்கப்பட்ட நிறுவனம் அது. அவருக்கு முன் அண்ணன் லெஸ்லியும் அங்கே பயிற்சி கொடுத்தவர்தான். ஆக, என்.எஃப்.எல்-க்கு முன்பே போலார்ட் பயிற்சியாளராகிவிட்டார். வசதிகள் போதாது என்று நிர்வாகத்தோடு அவருக்கு உரசல் இருந்தது. இவர் ஓஹாயோவுக்குப் போய்ப் போய் ஆடுகிறார் என்று நிர்வாகத்துக்கும் வருத்தம். 1920இல் அந்தத் தொடர்பு முடிந்தது.

ஓஹாயோவில் என்ன என்றால், ஏக்ரன். ஃபயர்ஸ்டோன், குட்இயர், குட்ரிச் எல்லாம் டயர் செய்துகொண்டிருந்த ரப்பர் நகரம். மோட்டார் வண்டி பெருகப் பெருக ஊரும் பெருகியது. தெற்கிலிருந்து வேலை தேடி வந்த வெள்ளைத் தொழிலாளர்களும் ஏராளம். அவர்கள் தங்கள் ஊர்ப் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்திருந்தார்கள். 1919இல் ஏக்ரன் தொழில்முறை அணியில் போலார்ட் சேர்ந்தார். மற்ற வீரர்களோடு ஒரே அறையில் உடை மாற்ற முடியாது. அணி உரிமையாளர்களில் ஒருவரான ஃப்ராங்க் நீட் சுருட்டு வியாபாரம் செய்துவந்தார். அவருடைய இடத்துக்குப் போய் அங்கே சீருடை மாட்டிக்கொண்டு காத்திருப்பார் போலார்ட். ஆட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் கார் அனுப்பி நேரே களத்துக்கு அழைத்துப் போவார்கள். இதெல்லாம் சொந்த ஊர் ரசிகர்களுக்குப் பயந்து. அந்த நாள் ஏக்ரன் மிசிசிப்பியைப் போலத்தான் இருந்தது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

1920 செப்டம்பர் 17 அன்று கேன்டன் நகரத்தில், ரால்ஃப் ஹே என்பவரின் கார் விற்பனைக்கூடத்தில், அணி உரிமையாளர்கள் கூடினார்கள். உட்கார நாற்காலி போதாமல் கார்களின் படிகளில் உட்கார்ந்து பேசி ஒரு லீகைத் தொடங்கினார்கள். அமெரிக்கன் ப்ரொஃபஷனல் ஃபுட்பால் அசோசியேஷன் என்று பெயர் வைத்தார்கள். 1922இல் அதுவே என்.எஃப்.எல் ஆனது. ஒலிம்பிக் வீரர் ஜிம் தோர்ப் முதல் தலைவர். அந்த முதல் பருவத்தில் ஆடிய கறுப்பின வீரர்கள் இரண்டே பேர்: போலார்டும், ராக் ஐலண்ட் அணியின் பாபி மார்ஷலும்.

ஏக்ரன் அந்தப் பருவத்தில் ஆடியதைப் படித்தால் இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது. 11 ஆட்டங்கள். எட்டு வெற்றி, மூன்று சமன், தோல்வியே இல்லை. பருவம் முழுவதிலும் எதிரணிகளுக்கு விட்டுக்கொடுத்தது ஏழே ஏழு புள்ளிகள், அதுவும் கிளீவ்லாந்தோடு 7-7 என்று முடிந்த ஒரே ஆட்டத்தில். தோர்ப் ஆடிய கேன்டன் புல்டாக்ஸை இரண்டு முறை, 10-0, 7-0 என்று வென்றார்கள். டிசம்பரில் பஃபலோவோடு 0-0. அந்த ஆட்டத்தின்போது ஏக்ரன் தன் வீரர் பாப் நாஷை 300 டாலருக்கு பஃபலோவுக்கு விற்றது. லீகில் நடந்த முதல் வீரர் விற்பனை அதுதான். கடைசியாக சிகாகோவில் ஜார்ஜ் ஹாலஸின் டெகேடர் ஸ்டேலீஸோடு மோதி, அதுவும் 0-0. சிகாகோ பேர்ஸ் என்று இன்று எல்லாரும் அறிந்த அணியின் பழைய உருவம்தான் அந்த ஸ்டேலீஸ். பட்டம் யாருக்கு என்பதை உரிமையாளர்கள் 1921 ஏப்ரலில் வாக்கெடுத்து முடிவு செய்தார்கள். ஏக்ரன் சாம்பியன். கொடுத்த கோப்பை எங்கேயோ தொலைந்து போனது. வீரர்களுக்குச் சிறிய தங்கப் பதக்கங்கள் கிடைத்தன.

இனி, கேள்வியின் மையமான 1921. அந்த ஆண்டு ஏக்ரனின் பயிற்சியாளர் பொறுப்பு போலார்டுக்கு வந்தது. முந்தைய ஆண்டுப் பயிற்சியாளர் எல்ஜி டோபினும் அணியில் இருந்தார். அதனால் சில ஏடுகளில் இருவர் பெயரும் சேர்ந்தே வரும். அதைக் காட்டி, போலார்ட் முழுப் பயிற்சியாளரா என்று சந்தேகப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க அன்றைய ஆட்டம் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். இன்றைய என்.எஃப்.எல் பயிற்சியாளர் காதில் ஹெட்போனும் கையில் பெரிய அட்டையுமாக எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று ஒவ்வொரு நகர்வையும் சொல்லிக்கொண்டே இருப்பார். 1921இல் அது விதிமீறல். ஓரத்திலிருந்து களத்துக்குள் யோசனை சொன்னால் அணிக்குத் தண்டனை. ஒரே பதினொரு பேர்தான் தாக்குதலையும் தடுப்பையும் மாறி மாறி ஆடுவார்கள். மாற்று வீரர்களும் குறைவு. ஆகவே, ஆட்டம் நடக்கும்போது அணியை நடத்துவது களத்துக்குள் நிற்கும் ஒருவரால்தான் முடியும். ஆடிக்கொண்டே பயிற்சி கொடுப்பது அன்று பரவலான வழக்கம். ஹாலஸும், க்ரீன் பே அணியைக் கட்டியெழுப்பிய கர்லி லேம்போவும் அப்படித்தான் செய்தார்கள். அவர்களை முழுப் பயிற்சியாளர்களா என்று யாரும் கேட்பதில்லை. ப்ரௌனில் தான் கற்ற ஆட்ட முறைகளை ஏக்ரன் வீரர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது தான்தான் என்று போலார்ட் சொல்லியிருக்கிறார். இந்த விளையாட்டின் சிறந்தவர்களைக் கௌரவிக்கும் அமைப்பான, கேன்டனிலுள்ள ப்ரோ ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேமும் 1921இன் பயிற்சியாளராக அவரை ஏற்றுக்கொள்கிறது. ஆகவே, இதில் இழுபறிக்கு இடமில்லை என்பது என் கருத்து.

அந்த ஆண்டு ஏக்ரன் 8 வெற்றி, 3 தோல்வி, 1 சமன் என்று மூன்றாம் இடத்தில் முடிந்தது. அணிக்குள் போலார்ட் கொண்டுவந்த ஒருவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்: பால் ரோப்சன். பாடகராகவும் நடிகராகவும் உலகப் புகழ் பெற்ற அதே ரோப்சன்தான். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆல் அமெரிக்கா வீரராக இருந்துவிட்டு, நியூயார்க்கில் கொலம்பியா சட்டக் கல்லூரியில் படித்துக்கொண்டே வாரயிறுதிகளில் வந்து ஆடினார். 1922இல் இருவரும் மில்வாக்கி பேட்ஜர்ஸ் அணிக்குப் போனார்கள். அங்கே ட்யூக் ஸ்லேட்டரும் சில ஆட்டங்களுக்கு வந்து சேர, ஒரே அணியில் மூன்று கறுப்பின நட்சத்திரங்கள் ஆடினார்கள். ஐயோவா பல்கலைக்கழகத்தில் ஹெல்மெட் போடாமலே ஆடிய பெரிய ஆகிருதி ஸ்லேட்டர். பிறகு சிகாகோவில் நீதிபதியானார்.

இந்த ஆள் சேர்க்கும் வேலையை போலார்டின் பெரிய சாதனையாகவே நான் பார்க்கிறேன். இண்டியானாவின் ஹாமண்ட் ப்ரோஸ் ஒரு சின்ன அணி, பெரும்பாலும் வெளியூர்களிலேயே ஆடும், தோல்விகளே அதிகம். ஆனால் 1920களில் அந்த அணியில்தான் கறுப்பின வீரர்கள் அதிகம். போலார்ட் அங்கே ஆடினார், பயிற்சியும் கொடுத்தார். 1923இல் ஹாமண்டுக்காக, களத்தில் தாக்குதலை வழிநடத்தும் குவார்ட்டர்பேக் இடத்தில் ஆடியதால், லீகின் முதல் கறுப்பினக் குவார்ட்டர்பேக் என்ற பெயரும் அவருக்கு உண்டு. இவரைப் போலவே ப்ரௌனில் படித்த மேயோ வில்லியம்ஸும் அங்கே ஆடினார். வில்லியம்ஸ் அதே காலத்தில் சிகாகோவில் பாரமவுண்ட் இசைத்தட்டு நிறுவனத்துக்காக ப்ளூஸ் பாடகர்களைத் தேடிப் பிடித்துப் பதிவு செய்துகொண்டிருந்தார். பாடகி மா ரெய்னியின் இசைத்தட்டுகளுக்குப் பின்னால் இருந்தது ஒரு ஃபுட்பால் வீரர் என்பது பலருக்குத் தெரியாது. நடுவில் போலார்ட் பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்க ஊரான கில்பர்ட்டன் அணிக்கும், பிறகு ப்ராவிடன்ஸ் ஸ்டீம் ரோலருக்கும் ஆடிவிட்டு, 1926இல் ஏக்ரனுக்கே திரும்பினார். அதோடு அவருடைய என்.எஃப்.எல் ஆட்டம் முடிந்தது. அப்போது வயது 32.

வயது மட்டும் காரணம் இல்லை. 1926இல் 22 அணிகளாக இருந்த லீக் 1927இல் 12 ஆகச் சுருங்கியது. கழித்துக் கட்டப்பட்டவை பெரும்பாலும் சின்ன ஊர் அணிகள், அதாவது கறுப்பின வீரர்களுக்கு இடம் கொடுத்த அணிகள். 1927இல் பார்த்தால் ட்யூக் ஸ்லேட்டர் ஒருவர்தான் தொடர்ந்து ஆடிக்கொண்டிருக்கிறார். 1933இல் சிகாகோ கார்டினல்ஸின் ஜோ லில்லார்ட், பிட்ஸ்பர்கின் ரே கெம்ப் என்று இரண்டு பேர். 1934இல் ஒருவர்கூட இல்லை. அப்படியே 1945 வரைக்கும் இல்லை. எழுத்தில் ஒரு தடை உத்தரவும் வெளிவரவில்லை. உரிமையாளர்கள் அப்படி ஓர் ஏற்பாடே கிடையாது என்றுதான் சாதித்தார்கள். ஆனால் பன்னிரண்டு பருவங்கள் ஒரு நாட்டின் பெரிய லீகில் ஒரே ஒரு கறுப்பின வீரர்கூடத் தகுதியோடு அகப்படவில்லை என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. ஹாலஸுக்கு இதில் பங்கு உண்டு என்று போலார்ட் முதுமையில் வெளிப்படையாகவே குற்றம்சாட்டினார். ஹாலஸ் மறுத்தார். வாஷிங்டன் அணியின் உரிமையாளர் ஜார்ஜ் ப்ரெஸ்டன் மார்ஷல் 1962 வரை கறுப்பின வீரர் எவரையும் ஆடவிடவில்லை என்பது பதிவான வரலாறு.

போலார்ட் சும்மா இருக்கவில்லை. 1928இல் சிகாகோ ப்ளாக் ஹாக்ஸ் என்று முழுக்கக் கறுப்பின வீரர்களைக் கொண்ட அணியைத் தொடங்கி, வெள்ளை அணிகளோடு ஊர் ஊராக ஆடினார். குளிர்காலத்தில் கலிஃபோர்னியாவுக்கும் கூட்டிப்போனார். கறுப்பின வீரர்களும் வெள்ளை வீரர்களும் ஒரே களத்தில் மோதினால் கலவரம் ஒன்றும் வெடித்துவிடாது, கூட்டமும் வரும் என்று கண்ணால் காட்டிவிட வேண்டும் என்பதே நோக்கம். பொருளாதாரப் பெருமந்தம் அந்த அணியைத் தின்றது. 1935இல் நியூயார்க்கில் ப்ரௌன் பாம்பர்ஸ் அணிக்குப் பயிற்சியாளரானார். குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸின் பட்டப்பெயர் அது. என்.எஃப்.எல்-இல் இடமில்லாமல் போன ஜோ லில்லார்ட் அந்த அணியில் ஆடினார். லீகின் கதவு மூடியிருந்த ஆண்டுகளில் அப்படிப்பட்ட வீரர்களுக்கு ஒரு பயிற்சியாளரும் ஒரு சீருடையும் இருந்தது என்றால், போலார்டைப் போன்றவர்கள் விடாமல் உழைத்ததால்தான். என் பார்வையில் அவர் பயிற்சியாளராகச் செய்த மிகப் பெரிய வேலை 1921ஐவிட இதுதான். பட்டமோ கோப்பையோ இல்லாததால் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

தொழில்களைச் சொல்லி மாளாது. சிகாகோவில் கறுப்பின மக்களுக்கான முதலீட்டு நிறுவனம் நடத்தி, பங்குச்சந்தை வீழ்ச்சியில் அதை இழந்தார். நிலக்கரி விற்றார். நியூயார்க்கில் கறுப்பின வாசகர்களுக்காக இன்டிபென்டன்ட் நியூஸ் என்ற பத்திரிகை நடத்தினார். ஹார்லெமில் ஸ்டுடியோ வைத்தார், பாடகர்களுக்கும் நடிகர்களுக்கும் முகவராக இருந்தார், பிறகு வரி ஆலோசகர். மகன் ஃப்ரிட்ஸ் போலார்ட் ஜூனியர், ஜெஸ்ஸி ஓவன்ஸ் நான்கு தங்கம் வென்ற அதே 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 110 மீட்டர் தடை ஓட்டத்தில் வெண்கலம் வென்றார்.

1946இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி கென்னி வாஷிங்டனையும் வுடி ஸ்ட்ரோடையும் எடுத்தபோது வீரர்களுக்கான கதவு திறந்தது. பயிற்சியாளர் கதவு திறக்க இன்னும் 43 ஆண்டுகள் ஆயின. 1954இல் கல்லூரி ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேம் போலார்டைச் சேர்த்துக்கொண்டது. 1981இல் ப்ரௌன் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. 1986 மே 11 அன்று மேரிலாந்தின் சில்வர் ஸ்ப்ரிங்கில், 92ஆம் வயதில் காலமானார். மூன்றே ஆண்டுகள் கழித்து, 1989 அக்டோபரில், ரெய்டர்ஸ் அணி ஆர்ட் ஷெல்லைத் தலைமைப் பயிற்சியாளராக்கியது. தனக்குப் பிறகு இன்னொரு கறுப்பினப் பயிற்சியாளரை என்.எஃப்.எல்-இல் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

பெயர் திரும்பி வந்தது அதற்கும் பிறகுதான். 2002இல் வழக்கறிஞர்கள் ஜானி காக்ரனும் சைரஸ் மேரியும், கறுப்பினப் பயிற்சியாளர்களைக் கடைசியில் எடுத்து முதலில் விரட்டுகிறார்கள் என்று புள்ளிவிவரங்களோடு ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அதன் விளைவாக வந்ததுதான் ரூனி விதி: தலைமைப் பயிற்சியாளர் இடம் காலியானால் சிறுபான்மை இனத்தவர் ஒருவரையாவது நேர்முகத்துக்கு அழைக்க வேண்டும் என்பது அதன் தொடக்க வடிவம். அந்த விதியைக் கண்காணிக்கவும் பயிற்சியாளர்களுக்காகப் பேசவும் 2003இல் ஓர் அமைப்பு உருவானது. அதற்கு ஃப்ரிட்ஸ் போலார்ட் அலையன்ஸ் என்று பெயர் வைத்தார்கள். 2005இல் ப்ரோ ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்தார்கள்; டான் மரினோ, ஸ்டீவ் யங் போன்றவர்களோடு ஒரே ஆண்டில். முதல் லீக் பட்டத்தை வென்ற அணியின் நட்சத்திரத்துக்கு 85 ஆண்டுகள் கழித்து அந்த இடம் கிடைத்தது. 2007இல் லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில் மோதிய இரண்டு அணிகளுக்கும் கறுப்பினப் பயிற்சியாளர்கள், டோனி டஞ்சியும் லவ்வி ஸ்மித்தும்.

மேற்கொண்டு படிக்க விரும்பினால் ட்யூக் ஸ்லேட்டரிலிருந்து தொடங்குங்கள். போலார்டின் கதையை விட்ட இடத்திலிருந்து 1931 வரை இழுத்துச் சென்றவர் அவர். ஹால் ஆஃப் ஃபேமில் அவருக்கு இடம் கிடைத்தது 2020இல்தான். அப்புறம் ஜோ லில்லார்டைப் பாருங்கள். கதவு மூடுவதற்கு முன் கடைசியாக ஆடிய இருவரில் ஒருவர் என்பதால், அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளைப் புரிந்துகொள்ள அவருடைய வாழ்க்கை மிகவும் உதவும்.